வால்வு சூடாகும் நேரம்

ஜூன் 3, செவ்வாய்

எட்டு மாதம் கழித்து இன்றுதான் வீட்டைத் திறந்தோம். பூட்டு துருப்பிடித்துப் படாத பாடு படுத்தியது. அக்கா வாசலிலேயே நின்று மூக்கை இழுத்து, "எலி வந்திருக்கு" என்றாள். வந்திருந்தது. தலையணை ஒன்று பஞ்சாகிக் கிடந்தது. அவளுக்குப் பார்வை போய் நாலு வருஷம் ஆகிறது, ஆனாலும் இந்த வீட்டில் எது நடந்தாலும் எனக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும்.

சுவரைத் தடவிக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனாள். ரேடியோகிராம் மேல் மூடியிருந்த போர்வையை விலக்கி, இரண்டு உள்ளங்கையையும் பலகைமேல் வைத்தாள். "இருக்கான்" என்றாள். நாலு ஆள் பிடித்தால்தான் அது நகரும், நாம் இல்லாத நேரத்தில் எழுந்து எங்கே போய்விடப் போகிறது?

ஆஸ்பத்திரியில் மூன்று மாதம், பிறகு என் மகன் வீட்டில் ஐந்து மாதம். கிளம்பும்போது டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். இதயம் பாதி வேலைகூடச் செய்யவில்லையாம். "வருஷக் கணக்கு இல்லம்மா, மாசக் கணக்கு. அவங்க என்ன ஆசைப்படுறாங்களோ அதைச் செஞ்சு கொடுங்க."

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் பெட்டியில் பாட்டுக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் அங்கிருந்து என்னை நச்சரித்துக் கூட்டி வந்தாள்.

ஜூன் 4, புதன்

மெக்கானிக்குக் காலையிலிருந்து ஏழு தடவை போன் அடித்துவிட்டேன், எடுக்கவில்லை. அவர் பார்க்காமல் சுவிட்சைப் போடக் கூடாது என்பது சட்டம். மாதக்கணக்கில் சும்மா கிடந்த வால்வு செட்டுக்கு ஒரேயடியாகக் கரண்ட் கொடுத்தால் உள்ளே ஏதாவது வெடித்துவிடுமாம். அவர் வந்து கரண்ட் வருகிற வழியில் ஒரு குண்டு பல்பை மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக எழுப்புவார். பச்சைக் குழந்தையைக்கூட அவ்வளவு பதமாக யாரும் எழுப்புவதில்லை.

"வருவார், பொறு" என்றாள் அக்கா. டைப்பிஸ்ட் வேலையில் சேர்ந்து, சம்பளம் சேர்த்து, இருபத்தெட்டு வயதில் அவள் வாங்கியது அது. எனக்கு அப்போது பதினாறு. நீளமான மர அலமாரி, நாலு சாய்ந்த கால். இடப்பக்கம் மூடியைத் தூக்கினால் இசைத்தட்டு சுற்றும் தட்டு, வலப்பக்கம் ரேடியோ, கீழே துணி கட்டிய ஸ்பீக்கர். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் உள்ளே பாத்திரம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

ஆறு மணிக்கு அவளிடம் ஒரு முறை உண்டு. நான் சுவிட்சைப் போட்டு, தட்டைச் சுற்றவிட்டு, ஊசியை வைப்பேன். பாட்டு உடனே வராது. வால்வு சூடாக வேண்டும். அந்த நேரத்தில் அவள் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்வாள். பார்வைக்காக இல்லை, வலி வராமல் இருக்க. இடது கண்ணில் ஒன்று, வலது கண்ணில் ஒன்று. மூடிக்கொண்டு உட்காருவாள். பெட்டி உள்ளேயிருந்து ம்ம்ம் என்று முனகும், பிறகு பாட்டு எங்கேயோ தூரத்திலிருந்து நடந்து வருகிற மாதிரி வந்து சேரும். அப்போதுதான் கண்ணைத் திறப்பாள். திறந்து என்ன பார்க்கப் போகிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஜூன் 6, வெள்ளி

எரிச்சுட்டேன்.

அக்கா குளிக்கப் போயிருந்தாள். அரை மணி நேரமாவது ஆகும். சும்மா ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, வெளியே வரும்போது பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று— நல்ல புத்திதான். எட்டு மாசம் பொறுத்தவளுக்கு ரெண்டு நாள் பொறுக்க முடியல.

விளக்கு எரிந்தது. முனகல் வந்தது, ஆனால் வழக்கமான முனகல் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிற மாதிரி. பிறகு தார் உருகுகிற வாசனை. பின்பக்கத்திலிருந்து நூல் மாதிரி புகை. பிளக்கைப் பிடுங்கினேன். உள்ளே கறுப்பாக ஏதோ மெழுகு உருகிப் பலகையில் சொட்டியிருந்தது.

ஜன்னலெல்லாம் திறந்தேன். வாசனை போகவில்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. என்ன செய்தேன் தெரியுமா? அடுப்பில் பாலை வைத்து, தீயைப் பெரிதாக்கி, நின்று பார்த்துக்கொண்டே தீய விட்டேன். வேண்டுமென்றே பாலைத் தீய்த்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"என்னடி வாசனை?"

"பால் தீஞ்சுருச்சுக்கா."

"பாலா?" என்றாள். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டாள். "பாத்திரத்த ஊற வை."

ஜூன் 7, சனி

மெக்கானிக் கடைக்கே போனேன். போன் உடைந்துவிட்டதாம், அதனால் எடுக்கவில்லையாம். நான் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டிரான்ஸ்பார்மர் போயிருச்சும்மா. எத்தனை தடவ படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கேன்."

அதற்குக் கம்பி சுற்றிக் கொடுக்கிற ஒருவர் இருந்தார், கடையை மூடிவிட்டுப் பேரனோடு போய்விட்டாராம். புதிதாகக் கிடைக்காது. "இதே மாடல் வேற ஒண்ணு செத்தாத்தான் உங்களுக்கு வழி" என்றார். ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி பேச்சை நிறையக் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அவர் கடையில் நாற்காலியைத் தவிர எல்லா இடத்திலும் ரேடியோகிராம்களின் குடல்தான். வெறும் தகரத் தட்டில் வால்வுகளும் கம்பியுமாக, கூரை வரை. அவற்றின் மரப்பெட்டியெல்லாம் எதிர்க்கடையில். அது அவருடைய மச்சானின் மரச்சாமான் கடை. கண்ணாடிக்காரர் என்றுதான் தெருவில் கூப்பிடுகிறார்கள், மூக்குக் கண்ணாடி அவ்வளவு தடிமன். ஜனங்கள் வீட்டை ஒழித்துப் பெட்டியைக் கொண்டுவந்து போட, அவர் உள்ளே இருப்பதைப் பிடுங்கிவிட்டு டிவி ஸ்டாண்டு, செருப்பு அலமாரி, மீன்தொட்டி வைக்கிற மேடை என்று செய்து விற்கிறார். பிடுங்கியதைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருவைத் தாண்டி மெக்கானிக் கடை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். இருவரும் பேசிக்கொண்டு பத்து வருஷம் ஆகிறதாம். வண்டி மட்டும் வந்து போகிறது.

ஜூன் 8, ஞாயிறு

"மெக்கானிக் எப்ப வரார்?"

"போன் உடைஞ்சு போச்சாம்க்கா. வருவாராம்."

அதுவரைக்கும் சொன்னது உண்மைதான். அதற்கு மேல் ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அவள் இதயத்துக்கு ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பயம்தான். ஐம்பத்தொன்பது வயதாகிறது, புருஷனைப் பறிகொடுத்தாயிற்று, மகனுக்குத் தலை நரைக்கிறது, இன்னும் அக்காவிடம் திட்டு வாங்கப் பயம். அவள் திட்டினதே இல்லை என்பதுதான் வேடிக்கை. திட்டாமல் "சரி" என்பாள் பார், அதுதான் தாங்காது.

ஜூன் 9, திங்கள்

இன்றிலிருந்து மறுபடி பல் கிளினிக்கில் உதவியாளர் வேலைக்குப் போகிறேன், மத்தியானம் வரை. முதல் நோயாளி ஏழு வயது. "வலிக்குமா?" என்று கேட்டது. "வலிக்கவே வலிக்காது" என்றேன். இதைச் சொல்லித்தான் இருபத்தேழு வருஷமாகச் சாப்பிடுகிறேன்.

ஜூன் 11, புதன்

மகனிடம் போனில் அழுதுவிட்டேன். அவன் சிரித்தான். "அம்மா, இதுக்கா? கையடக்கமா ஒரு ஸ்பீக்கர் அனுப்புறேன். பெட்டி உள்ள வச்சு போன்ல இருந்து பாட்டப் போடு. பெரியம்மாவுக்கு என்ன தெரியவா போகுது?"

அவளைத் தெரியாமல் பேசுகிறான். டைப் அடிக்கிற சத்தத்தை வைத்தே எந்த எழுத்து ஒட்டிக்கொள்கிறது என்று பக்கத்து அறையிலிருந்து சொன்னவள். இருந்தாலும்— டிரான்ஸ்பார்மர் கிடைக்கிற வரைக்கும்தானே. அனுப்பு என்றேன்.

ஜூன் 14, சனி

அரங்கேற்றம் நடந்துவிட்டது.

இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன், பொய் சொல்லவில்லை. ஸ்பீக்கரைத் துணிக்குப் பின்னால் வைத்து, பழைய துண்டைச் சுற்றிச் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கினேன். கரகர என்று ஊசி உரசுகிற சத்தத்தோடு இருக்கிற பாட்டாகத் தேடிப் பிடித்தேன். அவளுக்குப் பிடித்த தட்டில் இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டில் ஒரு கீறல் இருக்கிறது. அந்த இடத்தில் ஊசி தாவி, அதே வரியை இரண்டாம் முறை பாடும். போனில் இருக்கிற பாட்டுக்கு ஏது கீறல்? சரியாக அந்த இடத்தில் விரலால் தட்டி இரண்டு விநாடி பின்னால் இழுக்கப் பழகிக்கொண்டேன். அந்தக் கீறலைப் போட்டவளே நான்தான், எனக்குத் தெரியாதா இடம்.

மத்தியானம் நீ தூங்கும்போது மெக்கானிக் வந்து எழுப்பி வைத்துவிட்டுப் போனார் என்று சொன்னேன். அக்கா முகம் மலர்ந்துவிட்டது. புடவை மாற்றிக்கொண்டாள். ஆறு மணிக்கு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். மூடியைத் தூக்கினேன், சுவிட்சை டிக் என்று திருப்பினேன், ஊசிக் கையைத் தூக்கி வைக்கிற சத்தம்கூட உண்டு. போனைத் தொட்டேன். பாட்டு வந்தது.

கீறலில் ஒரு மயிரிழை பிசகவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது, வெட்கங்கெட்டவள்.

அவளுக்குத்தான் கை நடுங்குகிறது. இடது கண்ணுக்குச் சொட்டை விடப் போனவள் கை அப்படியே நின்று, மருந்து கன்னத்தில் வழிந்தது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு எதிலும் ஒரு தடுமாற்றம்தான். துடைத்துவிட்டேன். "நல்லாருக்கா அக்கா?" என்றேன்.

"நல்லாருக்கு. ரொம்ப சுத்தமா இருக்கு."

ஜூன் 16, திங்கள்

சொட்டு மருந்தை இப்போது ஐந்தே முக்காலுக்கே விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறாள். ஏன் என்றேன். "டாக்டர் நேரத்த மாத்தச் சொன்னார்." எந்த டாக்டர், எப்போது? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. போகட்டும்.

ஜூன் 24, செவ்வாய்

மெக்கானிக் கடை. இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

இல்லை. ஒரு பெட்டி வந்ததாம், வேறு மாடல். கண்ணாடிக்காரர் அதைக் கைக்குழந்தைக்குத் துணி மாற்றுகிற மேசையாக்கிக்கொண்டிருந்தார். இசைத்தட்டு சுற்றின இடத்தில் மெத்தை தைத்திருந்தார். அழகாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சலாக வந்தது. "யாருமே கேக்க வாங்க மாட்டேங்குறாங்கம்மா, பாக்கத்தான் வாங்குறாங்க. நான் எடுக்கலேன்னா அடுப்புக்குத்தான் போகும்" என்றார். அதுவும் ஒருவகையில் காப்பாற்றுவதுதான் போலிருக்கிறது. தோலைக் காப்பாற்றுகிறவர் இந்தப் பக்கம், குடலைக் காப்பாற்றுகிறவர் அந்தப் பக்கம்.

ஜூலை 6, ஞாயிறு

மகன் சொன்ன யோசனைப்படி அருங்காட்சியகத்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன், உங்களிடம் இதே மாடல் பழுதானது ஏதும் இருக்கிறதா, அதிலிருந்து ஒரு சாமான் மட்டும் கிடைக்குமா என்று. ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள். கிடங்கில் நாலு இருக்கிறதாம். நாலும் அப்படியே இருக்க வேண்டுமாம், ஒரு திருகாணிகூடக் கழற்றக் கூடாதாம். பாடுமா என்றேன். "இல்லைங்க, நாங்க அதுக்கு மின்சாரமே கொடுக்கிறதில்ல. அப்படி வச்சாத்தான் கெடாது" என்றாள். நான் கெடுத்தது தெரிந்த மாதிரி இருந்தது.

ஜூலை 19, சனி

மழை. கால் வீக்கம் அக்காவுக்கு அதிகம். பாட்டுக் கேட்க நடத்திக் கூட்டி வரவே பத்து நிமிஷம் ஆகிறது.

பாட்டு முடிந்த பிறகு தானாகவே பழைய கதை ஒன்றை எடுத்தாள். எனக்குப் பதினேழு வயதில் குனிந்தபோது தலையிலிருந்து கொண்டை ஊசி விழுந்து தட்டில் கீறல் விழுந்த கதை. நான் மூச்சுவிடாமல் தட்டை உறைக்குள் போட்டு வைத்துவிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. பதினோராம் நாள் அவள் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது வாசலிலேயே அழுது கொட்டினேன். அவள் சொன்னாள்: "தெரியும்டி. மறுநாளே கேட்டேன்." பிறகு, "இதச் சொல்ல பதினோரு நாளா உனக்கு?"

இன்றைக்கும் அதையே சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். நானும் சிரித்தேன். கஞ்சி ஆறிடும்க்கா என்று எழுந்துவிட்டேன்.

ஏன் எழுந்தேன்?

ஆகஸ்ட் 2, சனி

கிடைத்துவிட்டது. ஆனால் அது சாகவில்லை.

கண்ணாடிக்காரர் கடை வாசலில் இதே மாடல், அதே சாய்ந்த கால். யாரோ மூன்று தலைமுறையாக வைத்திருந்த வீடாம். வாங்கப் போகிறவர்கள் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர்கள், மேலே குழியைப் பெரிதாக வெட்டிக் கை கழுவும் தொட்டி பதிக்கப் போகிறார்கள். மெக்கானிக் என்னைக் கூட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினார். பத்து வருஷத்தில் முதல் தடவையாம், கண்ணாடிக்காரர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு பேரும் பேசவில்லை, ஆனால் ஸ்டூல் வந்தது.

மெக்கானிக் பல்பை மாட்டி, மெதுவாக எழுப்பினார். நான் பத்து மாதமாக அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை. ம்ம்ம். பிறகு ரேடியோவில் யாரோ வானிலை சொன்னார்கள். எவ்வளவு நிதானமாக, எவ்வளவு கனமாக இருந்தது அந்தக் குரல். துண்டில் சுற்றிய டப்பாவை இதன் இடத்தில் வைத்து என் அக்காவைக் கேட்க வைத்திருக்கிறேனே.

"இத இப்படியே காப்பாத்த முடியாதாங்க?" என்றேன்.

"உங்க வீட்டுல ரெண்டு வைக்க இடம் இருக்கா?" என்று கேட்டார் மெக்கானிக். இல்லை. அவர் கடையில் இன்னொரு நாற்காலிக்கே இடமில்லை. கண்ணாடிக்காரர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஒன்று பிழைக்க வேண்டுமென்றால் இன்னொன்றை அறுக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

டிரான்ஸ்பார்மர் கைக்கு வந்துவிட்டது. செங்கல் கனம். மெக்கானிக் அதைக் கழற்றித் துடைத்துச் சோதித்து வைத்திருக்கிறார். "நாளைக்குக் காலையிலேயே வந்து மாட்டிடறேன். மூணு மணி நேர வேலை" என்றார்.

மூன்று மணி நேரம். பெட்டியை நகர்த்த வேண்டும், ஈயம் உருக்குகிற வாசனை வரும். அக்கா வீட்டில் இருக்கும்போது எப்படி? இருபதாம் தேதி அவளுக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனை, மகன் வந்து காரில் கூட்டிப் போகிறான், பாதி நாள் ஆகும். அன்றைக்கு வாங்க என்றேன்.

அவர் துடைத்த துணியைக் கீழே வைத்தார். "சொல்லிட்டாத்தான் என்னம்மா? அவங்க என்ன சொல்லப் போறாங்க?"

"பத்து நாள்தானேங்க. அவளுக்குத் தெரியாமலே முடிஞ்சிடும்."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு டிரான்ஸ்பார்மரைத் துணிப்பைக்குள் வைத்துவிட்டு, "உங்க இஷ்டம்" என்றார்.

ஆகஸ்ட் 13, புதன்

கிளினிக்கில் கூட்டம், களைப்பு. கீறல் பாட்டுப் போடச் சொன்னாள். கண் சொருகிவிட்டது எனக்கு. விரலால் தட்ட மறந்துபோய், பாட்டு அந்த இடத்தை வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

அக்கா மெதுவாகச் சொன்னாள்: "கீறல் ஆறிப்போச்சு போலிருக்கே."

"துடைச்சேன்க்கா. தூசிதான் போல."

"நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆறத்தானே வேணும்."

தெரிந்திருக்குமோ? இல்லை, தெரிந்திருந்தால் கேட்டிருப்பாள். இன்னும் ஒரு வாரம். ஏழே நாள். அதற்குப் பிறகு எல்லாம் நிஜமாகிவிடும், நான் சொன்னதுகூட.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்று படுக்கையை விட்டு எழவில்லை. கூடத்துக் கதவைத் திறந்து வைத்துப் பாட்டைப் போட்டேன். என் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "உன் கை எப்பவும் ஜில்லுனே இருக்கு சின்னவளே" என்றாள். மணிக்கட்டை விடவே இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அக்கா போயிட்டா. காலைல ஏழேகால்.

ஆகஸ்ட் 20, புதன்

பரிசோதனைத் தேதி. காலண்டரில் நானே வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

மெக்கானிக் துணிப்பையோடு வந்து வாசலில் நின்றார். விஷயம் தெரியும் அவருக்கு, அன்றைக்கே வந்து போனவர்தான். ஆனாலும் சொன்ன தேதிக்கு வந்துவிட்டார். வேண்டாம் என்றேன். இனி யாருக்கு? பையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனார்.

பத்தாம் தேதி, "நாளைக்கே வரேன்" என்றார். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு. ஆறு சாயங்காலம். ஆறு சாயங்காலம் அவ நிஜமாவே கேட்டிருக்கலாம். நான் எடுத்துக்கிட்டேன். எதுக்கு? ஒரு வார்த்தை சொல்ல வாய் வராம.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சொட்டு மருந்து புட்டியில் பாதி இருக்கிறது. தூக்கி எறியக் கை வரவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மகன் கிளம்புமுன் கூடத்தில் நின்று சுற்றிப் பார்த்தான். "அம்மா, நீ ஒருத்திக்கு இவ்வளவு பெரிய சாமான் எதுக்கு? அந்தக் கண்ணாடிக்காரர்கிட்ட கொடுத்தா அழகா டிவி ஸ்டாண்டு பண்ணிக் கொடுப்பார். இங்கேயே வச்சுக்கலாம், பெரியம்மா ஞாபகமா." நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஸ்பீக்கரை வெளியே எடுத்து அவன் பையிலேயே போட்டுவிட்டேன். அதுமட்டும் எனக்கு வேண்டாம்.

பெட்டியின் வயிறு காலியாக இருந்தது. உள்ளே என் பழைய துண்டு மட்டும்.

செப்டம்பர் 6, சனி

மெக்கானிக்கை நானே வரச் சொன்னேன். அறுத்த ஒன்றுக்காவது அர்த்தம் இருக்கட்டும்.

கண்ணாடிக்காரரும் கூட வந்தார். பெட்டியை நகர்த்த ஆள் வேண்டும் என்று மெக்கானிக்கே போய்க் கூப்பிட்டாராம். நான் டீ போட்டேன். ஈய வாசனை வீடு முழுக்க. அதை மறைக்க யாரும் பால் தீய்க்க வேண்டியிருக்கவில்லை. அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் அவர்களிடம் கொட்டினேன், பால், ஸ்பீக்கர், விரலால் தட்டினது, எல்லாம்.

மெக்கானிக் வேலையை நிறுத்தவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"அவங்களுக்குத் தெரியும்மா."

ஜூன் பதினைந்தாம் தேதி, நான் காய் வாங்கப் போயிருந்த நேரம், அக்கா அவர் கடைக்குப் போன் பண்ணியிருக்கிறாள். எண் மனப்பாடம், உடைந்த போனையும் அவர் அதற்குள் மாற்றியிருந்தார். "பெட்டி எரிஞ்சு போச்சா, இல்ல சின்னவ வித்துட்டாளா?" என்று கேட்டிருக்கிறாள். டிரான்ஸ்பார்மர், தேடிக்கிட்டிருக்கோம் என்று இவர் சொல்லியிருக்கிறார். "அப்ப சரி. எரிஞ்சதுன்னா சரி" என்றாளாம்.

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டேன்.

"பாட்டு உடனே வந்துருச்சாம். சொட்டு விடக்கூட நேரமில்லையாம்."

கரகரப்பைத் தேடினேன். கீறலைப் பழகினேன். துண்டைச் சுற்றினேன். நாற்பத்து மூன்று வருஷமாக அந்தப் பெட்டியைப் போட்டவள் நான், அது சூடாகக் காத்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் மறந்துபோயிற்று எனக்கு. முதல் நாளே, கன்னத்தில் மருந்து வழிந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று மருந்தை முன்னாலேயே விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏங்க என்கிட்ட சொல்லல நீங்க?"

அவர் இப்போதுதான் திரும்பினார். "சத்தியம் வாங்கிட்டாங்கம்மா. 'நான் கேட்டதா சொல்லாதீங்க. அவளே வந்து சொல்லுவா. நாளாகும், ஆனா சொல்லுவா'ன்னாங்க. அன்னிக்கு டிரான்ஸ்பார்மர் வந்தப்ப எனக்கு மனசு கேக்கல. சொல்லிடுங்கன்னு சொல்லித்தான் பார்த்தேன்."

கண்ணாடிக்காரர் காலி டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்தார்.

போகும்போது மெக்கானிக், "வாரத்துக்கு ஒரு தடவையாவது போடுங்க, சும்மா விட்டா மறுபடி செத்துடும்" என்றார். பல்பைப் போட்டு எழுப்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். நான் அப்போது சமையலறையில் இருந்தேன். கேட்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

கிளினிக்கில் ஒரு பையன், "வலிக்குமா?" என்றான். "கொஞ்சம் வலிக்கும்" என்றேன். டாக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆறு மணிக்குப் போட்டேன்.

அவள் நாற்காலியை இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறேன். நான் பக்கத்தில் நின்றேன். சுவிட்சைத் திருப்பினேன், தட்டு சுற்றியது, இரண்டாம் பக்கம், ஊசியை மூன்றாவது பாட்டில் வைத்தேன். சத்தம் இல்லை. விளக்கு மட்டும் எரிகிறது. பலகைமேல் கையை வைத்தேன், இன்னும் ஜில்லென்றுதான் இருந்தது.

நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன். "அக்கா, பெட்டிய நான்தான் எரிச்சுட்டேன். அவசரப்பட்டுப் போட்டேன். பால வேணும்னேதான் தீச்சேன். பயமா இருந்துச்சு, அதான் சொல்லல."

அவ்வளவுதான். வேறு சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை.

சொல்லி முடித்துவிட்டு நின்றேன். இன்னும் பாட்டு வரவில்லை.